துருத்தியும் மூச்சும்



சித்திரைத் திங்களில் கள்ளழகர் அழகர்மலையை விட்டு மதுரை நோக்கிப் புறப்படும்போது, வழி நெடுகக் கூடியிருக்கும் அடியார் சிலரின் தோளில் ஒரு தோற்பை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுத் தோலைத் தைத்துச் செய்த பை அது. அதன் வாயில் ஒரு சிறு குழாய். பையில் நீரை நிரப்பிக் கையால் அமுக்கினால், நீர் மெல்லிய கோடாகப் பீறிட்டுச் செல்லும். வெயிலில் வரும் அழகரைக் குளிர்விக்கும் நேர்த்திக்கடன் இது. பையைத் தோப்பறை என்பர். தெளிக்கும் நீரைத் துருத்தி நீர் என்பர். கொல்லன் உலைக்களத்தில் காற்றை ஊதும் கருவிக்கும் துருத்தி என்றே பெயர். உள்ளே இருப்பது நீராயினும் காற்றாயினும் அமைப்பு ஒன்றுதான்: ஒரு பை, ஒரு குழாய், அமுக்கும் ஒரு கை.

தாமாக மூச்சுவிட இயலாத நோயாளிக்கு மருத்துவர் மூச்சை எவ்வாறு தருகிறார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அறுவைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இன்று நிற்கும் நுட்பமான எந்திரங்களுக்கெல்லாம் மூதாதை இந்தத் துருத்திதான்.

நாம் மூச்சு விடுவதை நாமே கவனிப்பதில்லை. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறார். தடவைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம்போல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்குகிறது; விலா எலும்புகள் உயர்கின்றன; மார்புக்கூடு விரிகிறது; உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது; வெளிக்காற்று தானே உள்ளே பாய்கிறது. ஆகவே இயற்கையின் முறை உறிஞ்சும் முறை. துருத்தியின் முறையோ தள்ளும் முறை. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளிவரும் மூச்சில் அது 16 பங்கு அளவுக்குக் குறைந்து, கரியமில வாயு 4 பங்கு அளவுக்கு ஏறியிருக்கும். பிராணவாயுவைக் கொண்டு வருவது மூச்சின் ஒரு கடமை. கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொரு கடமை. முதற்கடமையை எல்லோரும் அறிவர். இரண்டாவதை மறந்துவிடுவோர் பலர். தேர்ந்த மருத்துவர்களே மறந்தார்கள் என்பதையும், அதற்குக் கொடுத்த விலையையும் பின்னர்ச் சொல்கிறேன்.

1543-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில், வெசாலியஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனையை எழுதி வைத்தார். விலங்கொன்றின் மூச்சுக்குழலில் துளையிட்டு, நாணற்குழாயைச் செருகி ஊதினால், தளர்ந்து கிடந்த நுரையீரல் எழும்புகிறது. ஓயப்போன இதயமும் மீண்டும் வலிவுடன் துடிக்கிறது. 1667-இல் இலண்டன் ராயல் சங்கத்தார் முன்னிலையில் ராபர்ட் ஹூக் ஒரு நாயின் நுரையீரலுக்குள் துருத்திகளால் இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார்; மார்பு அசையாமல் நின்றபோதும் நாய் உயிரோடிருந்தது. உயிரைக் காப்பது மார்பின் அசைவன்று, புதுக்காற்றே என்று அன்று விளங்கிற்று. முன்னர் 1664-இல் இத்தகைய சோதனையொன்றைச் செய்தபோது அப்பிராணி பட்ட துன்பத்தைக் கண்டு, இனி இப்படிச் செய்ய மனம் ஒப்பாது என்று கடிதம் எழுதியவர் இதே ஹூக்தான். மனம் ஒப்பாததை மூன்றாண்டு கழித்து மறுபடியும் செய்தார். அறிவியல் வரலாற்றில் பெருமைப்படத்தக்க பக்கங்கள் மட்டுமே உள என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

அடுத்த நூற்றாண்டில், நீரில் மூழ்கியவர்களைப் பிழைப்பிக்கவென்று 1774-இல் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றிற்று. துருத்தியால் காற்றூதுவது அக்காலத்து முறைகளுள் ஒன்று. ஊதியவர்கள் அளவறிந்து ஊதினார்களா? 1820-களின் பிற்பகுதியில் லெருவா என்னும் பிரெஞ்சு மருத்துவர், துருத்தியை வலிந்து அமுக்கினால் விலங்குகளின் நுரையீரல் கிழிந்துபோவதைச் செய்து காட்டினார். அது முதல் துருத்திக்குக் கெட்ட பெயர் வந்தது. கையின் பிழைக்காகக் கருவி ஒதுக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம், தள்ளும் முறை வேண்டாம், இயற்கையைப்போல் உறிஞ்சும் முறையே வேண்டும் என்ற எண்ணம் ஓங்கி நின்றது. அதன் விளைவாக 1928-இல் பாஸ்டன் நகரில் டிரிங்கர், ஷா என்போர் அமைத்த இரும்பு நுரையீரல் முதன்முதலாக ஒரு சிறுமிக்குப் பயன்பட்டது. தலை மட்டும் வெளியே நீட்டியிருக்க, உடல் முழுவதும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும். பெட்டியிலுள்ள காற்றை எந்திரம் இழுக்கும்போது மார்பு விரியும்; விடும்போது சுருங்கும். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலற்றுப் போன பலரை அது காப்பாற்றியது.

அது காப்பாற்றாத நோயாளிகளும் இருந்தார்கள்.

1952-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. தொற்றுநோயாளிகளுக்கான பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தவை ஒரே ஓர் இரும்புப் பெட்டியும், மார்பை மட்டும் மூடும் கவசக் கருவிகள் ஆறும். முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசையும் தொண்டையும் பழுதுற்ற 31 பேருக்கு இக்கருவிகளால் சிகிச்சை செய்தனர். அவர்களுள் 27 பேர் இறந்தனர். விழுங்கும் ஆற்றல் போய்விட்டதால் எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கின. மார்பை உறிஞ்சி விரிக்கும் கருவி அவற்றையும் சேர்த்து நுரையீரலுக்குள் இழுத்துவிட்டது. கருவி எத்தனை வலியதாயினும், அடைபட்ட குழாயில் அது என்ன செய்யும்?

இங்கேதான் நான் முன்பு குறிப்பிட்ட மறதியும் வருகிறது. நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, கரியமில வாயு உப்பாக மாறித் தங்கும் பொருள் மிகுந்திருந்தது. இரத்தத்தில் காரம் ஏறிவிட்டது, இது ஏதோ விளங்காத நோய்க்கூறு என்று அங்கிருந்த மருத்துவர்கள் கருதினர். பிராணவாயு கொடுத்துத் தோல் சிவந்திருந்ததால் மூச்சில் குறையில்லை என்றும் நினைத்தனர். அறுவை நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த பியான் இப்சன் என்னும் மருத்துவரைத் தலைமை மருத்துவர் லாசன் ஆலோசனைக்கு அழைத்தார். இறந்தவர்களின் உடற்கூற்றையும் குறிப்புகளையும் பார்த்த இப்சன், இவர்கள் காரத்தால் சாகவில்லை, வெளியேறாத கரியமில வாயுவால் சாகிறார்கள் என்றார். ஆய்வுக்கூடத்துத் தலைவர் ஆஸ்ட்ரப் இரத்தத்தின் அமிலத் தன்மையை நேராக அளந்தபோது இப்சன் கூற்றே உண்மையாயிற்று.

ஆகஸ்டு இறுதியில் ஒரு நாள், பிழைக்கமாட்டாள் என்று கருதப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை இப்சனிடம் கொடுத்தனர். கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செருகினர். குழாயைச் சுற்றி ஒரு சிறு காற்றுப்பை. அதை உப்பச் செய்தால் எச்சில் கீழிறங்காது. குழாயின் மறுமுனையில் ரப்பர்ப் பை. ஆனால் சிறுமி திமிறினாள். காற்று உள்ளே போகவில்லை. பார்க்க வந்தவர்களுட் சிலர் நம்பிக்கையிழந்து வெளியேறினர். இப்சன் ஒரு மயக்க மருந்தைச் செலுத்தி அவளைத் தூங்கவைத்தார். அவளது சொந்த முயற்சி நின்றது. அப்போது பையை அமுக்கினார். மார்பு சீராக எழுந்து தாழ்ந்தது. சிறிது நேரத்தில் சிறுமியின் நிலை தேறிற்று. அவள் பிழைத்தாள்.

முறை கிடைத்துவிட்டது, எந்திரம் இல்லை. ஒரே வேளையில் 70 நோயாளிகள் வரை மூச்சுக்காகக் காத்துக் கிடந்தனர். பைகளை யார் அமுக்குவது? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அழைக்கப்பட்டனர், வந்தார்கள். ஏறத்தாழ 1500 மாணவர்கள், முறைவைத்து இரவும் பகலும், மாதக்கணக்கில், மொத்தம் 1,65,000 மணி நேரம் கைகளால் பையை அமுக்கினார்கள். நோயாளிகளில் பலர் குழந்தைகள். மாணவர்கள் ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டே கதை படித்துக் காட்டினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். சில இரவுகளில் கையிலுள்ள பை அசைந்துகொண்டிருக்கும்போதே குழந்தையின் உயிர் பிரிந்ததும் உண்டு. எனினும் முன்பு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த மரணம், கொள்ளைநோய் ஓயும் தறுவாயில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உங்கள் வயதையொத்தவர்கள் செய்த வேலை இது. ஆதலால்தான் சற்று விரிவாகச் சொன்னேன். மறு ஆண்டு, 1953 டிசம்பரில், இத்தகைய நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இரவுபகலாகக் கவனிக்கும் பிரிவொன்றை இப்சன் அந்நகரத்து வேறொரு மருத்துவமனையில் திறந்தார். இன்று மாவட்டந்தோறும் நாம் காணும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அது. 1954-இல் நம் மதுரையில் மருத்துவக் கல்லூரி தோன்றிய காலமும் ஏறக்குறைய இதுவே.

அறுவை மருத்துவத்திலிருந்து வந்த ஒருவருக்கு இது ஏன் எளிதில் புலப்பட்டது? 1846-இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்தது முதல், நோயாளியின் மூச்சைக் கவனிப்பதே மயக்க மருத்துவரின் தொழிலாயிற்று. நம் நாட்டிலும் 1888, 1889 ஆண்டுகளில் ஐதராபாத்தில் நிஜாமின் பொருளுதவியுடன் குளோரோபாரக் குழுக்கள் இரண்டு ஆராய்ந்தன. நாடியைப் பார்க்காதே, மூச்சைப் பார் என்பது அவற்றை நடத்திய லாரி என்னும் மருத்துவரின் பிடிவாதம். குளோரோபாரம் இதயத்தையும் திடீரென்று நிறுத்தக்கூடும் என்பது 1911-இல் நிறுவப்பட்டது. ஆகவே லாரி சொன்னதில் பாதியே சரி. அந்தப் பாதி இன்றும் பயன்படுகிறது.

1942 ஜனவரியில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் கிரிபித் என்பவர் தென்னமெரிக்கப் பழங்குடிகளின் அம்பு நஞ்சாகிய குராரேயை அறுவை நோயாளிக்குச் செலுத்தினார். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் வாயிலை அது அடைத்துவிடும். வயிற்றுத் தசைகள் மெழுகாய் இளகும். அறுப்பவர் கைக்கு எளிதாகும். ஆனால் மூச்சுத் தசையும் அதே வாயிலை நம்பியிருப்பதால் மூச்சும் நிற்கும். ஆகவே மயக்க மருத்துவர் குழாயைச் செருகிப் பையைக் கையிலெடுத்துக்கொள்கிறார். அறுவை முடிந்ததும் மாற்று மருந்து கொடுத்து, நோயாளி தாமே ஆழ்ந்து மூச்சுவிடுகிறாரா, தலையைத் தூக்குகிறாரா, கையை இறுகப் பற்றுகிறாரா என்று பார்த்த பிறகே குழாயை எடுக்கிறார். நாம் அறுவைக் கூடத்தில் உறங்கும்போது வேறொருவர் நமக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நம்மில் பலர் அறியாமலே வீடு திரும்புகிறோம்.

கையின் வேலையைப் பின்னர் எந்திரம் ஏற்றுக்கொண்டது. எந்திரம் களைப்பதில்லை. ஆனால் லெருவா கண்ட பழைய ஆபத்து அதனிடமும் இருந்தது. நோயால் நீர் கோத்துக் கனத்துப்போன நுரையீரலில் காற்றுக்கு இடமளிக்கும் பகுதி சிறியது. அதில் வழக்கமான பெருமூச்சைத் தள்ளினால் நல்ல பகுதியும் கிழிபடும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், இத்தகைய 861 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். உயரத்துக்குத் தக்க எடையில் கிலோ ஒன்றுக்கு 12 மில்லி லிட்டர் காற்று பெற்றோரில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இறந்தனர். 6 மில்லி லிட்டர் மட்டும் பெற்றோரில் 31 பேர். மருந்து புதிதில்லை, எந்திரம் புதிதில்லை. மூச்சின் அளவு பாதியாயிற்று, அவ்வளவே. 2020-இல் கொரோனா வந்தபோதும் இந்தச் சிறுமூச்சு முறையும், நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும் முறையுமே தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கைகொடுத்தன. அழகர் திருவிழாவிலும் விசைப்பம்புகளால் நீர் பீய்ச்சும் வழக்கம் புகுந்து, தோற்பை போதும், விசை வேண்டாம் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024-இல் சொல்ல நேர்ந்தது. இரண்டையும் சேர்த்து நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இனி நம் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். அழகர்மலை அடிவாரத்திலும் அதைச் சூழ்ந்த வயற்காடுகளிலும் மூச்சு நிற்பதற்குக் காரணமாகும் ஒன்று உண்டு, அது பாம்புக்கடி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. நல்ல பாம்பின் நஞ்சு, நான் சொன்ன குராரே அடைக்கும் அதே வாயிலை அடைக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு அதற்கும் மேலே போய் நரம்பின் நுனியையே பழுதாக்குகிறது. முதலதில் மாற்று மருந்துக்கும் நஞ்சுமுறிவு மருந்துக்கும் ஓரளவு உடனே பலன் தெரியலாம். இரண்டாவதில், நுனி பழுதுபட்ட பிறகு எந்த மருந்தும் அதை உடனே மீட்காது. நரம்பு தானே தேறும். அதற்கு நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். அதுவரை அவருக்கு மூச்சை யாராவது தந்தாக வேண்டும். தந்தால் முழுதும் பிழைப்பார்.

நான் மருத்துவ மாணவனாயிருந்தபோது, மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து ஓர் உழவரை விடியுமுன் வண்டியில் கொண்டுவந்தார்கள். களத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர். நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்தார். வயிற்றுவலிக்குக் கஷாயம் கொடுத்தார்கள். பின்னர் இமை கனத்தது. ஒன்று இரண்டாகத் தெரிந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. அப்போதும் ஒருவரும் பாம்பை நினைக்கவில்லை. ஏனெனில் உடம்பில் வீக்கமில்லை, பல் பட்ட அடையாளமும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்கும். தரையில் உறங்கியவர் இரவில் வயிற்றுவலியென்று எழுந்து இமை சொருகினால், அந்தக் கணமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கடிவாயை அறுப்பதும் இறுகக் கட்டுவதும் கூடாது. வழியில் மூச்சு நின்றால், தலையைப் பின்னே சாய்த்து, மோவாயை உயர்த்தி, வாயோடு வாய்வைத்து ஊதலாம். நாம் விடும் மூச்சிலுள்ள 16 பங்கு பிராணவாயு அவருக்குப் போதும். 1950-களில் இதை எலாம், சாபர் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ஐயமற நிறுவினர்.

அவர் எங்களிடம் வந்தபோது மூச்சு அறவே நின்றுவிடும் நிலை. குழாயைச் செருகினோம். எந்திரம் வேறொரு நோயாளியிடம் இருந்தது. எனவே பையைக் கையால் அமுக்கினோம். விட்டதும் தானே உப்பிக்கொள்ளும் பை அது. 1956-இல் டென்மார்க்கில் ரூபன், ஹெஸ்ஸே என்னும் இருவர் உருவாக்கியது. கோபன்ஹேகனின் அனுபவம் இப்படித்தான் எங்கள் கைக்கு வந்திருந்தது. மாணவர் நால்வரும் அவருடைய தம்பியும் முறைவைத்துக் கொண்டோம். தம்பி எழுதப்படிக்கத் தெரியாதவர். அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரு கணக்கு: அமுக்கு, விடு, ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடியும் அமுக்கு. அவர் அதை வாய்விட்டே சொல்லிச் செய்தார்.

இரண்டாம் நாள் இமையைத் தூக்கிப் பார்த்தோம். கண்மணி விரிந்து நின்றது, ஒளிக்கு அசையவில்லை. கை கால் எதுவும் அசையவில்லை. மூளை போய்விட்டது, இனி வீண் முயற்சி என்று கட்டிலருகே நின்று சொன்னவன் நான்தான். கட்டுவிரியன் நஞ்சு கண்மணியின் தசையையும் செயலிழக்கச் செய்யும், அதைக்கொண்டு மூளையின் நிலையைத் தீர்மானிக்கக் கூடாது என்று மூத்த மருத்துவர் என்னை வெளியே அழைத்துச் சென்று கண்டித்தார். பை நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை கால் பெருவிரல் அசைந்தது. எட்டாம் நாள் தாமாக மூச்சுவிட்டார்.

குழாய் எடுத்த மறுநாள் அவர் கரகரத்த குரலில் பேசினார். படுத்திருந்த நாளெல்லாம் எல்லாம் காதில் விழுந்ததாம். நான் சொன்னதும் விழுந்ததாம். அதற்காக அவர் என்னைக் கோபிக்கவில்லை. "தம்பி எண்ணுனது கேட்டுச்சுங்க. அவன் தூக்கக் கலக்கத்துல வேகமா எண்ணுனா நெஞ்சு விம்மி வலிக்கும். எண்ணாம விட்டுட்டா மூச்சு முட்டும். சொல்லலாம்னா வாய் வராது. அடுத்த ஒண்ணு எப்பச் சொல்லுவான்னு காத்துக்கிட்டே கெடந்தேன்" என்றார்.